பூஜ்யத்தில் நிற்கும் ஊசி

ஷட்டரைத் தூக்கியதும் தின்னர் நெடியும் பழைய எண்ணெய் வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. அது உன் சட்டையின் வாசனை. நேராகக் கம்ப்ரஸரிடம் போய் மீட்டரைப் பார்த்தேன். ஊசி பூஜ்யத்தில். முந்தின சாயங்காலம் என் கையால் காற்றை நிரப்பி, பெயிண்ட் கன்னுக்குப் போகும் வால்வை என் கையால் இறுக்கி மூடி, ஊசி எட்டில் நிற்பதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுப் போனவன் நான். ராத்திரியில் அத்தனை காற்றும் எங்கே போய்த் தொலைந்தது?

"ஏ மாப்ள, ராத்திரி வந்துட்டுப் போனியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பின்னால் என் மகன் கார்த்தி நின்றுகொண்டிருந்தான். "யாருகிட்டங்ப்பா பேசறீங்க?" என்றான்.

"ஊசிகிட்ட" என்றேன்.

உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உனக்குத் தெரியாதவையும் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. துடியலூரில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய இந்தப் பட்டறையில் நீ கன் பிடித்துப் பம்பு மோட்டார்களுக்குப் பெயிண்ட் அடித்தாய், நான் கம்பெனி கம்பெனியாக அலைந்து வேலை பிடித்துவந்தேன். இப்போது கன்னைப் பிடிப்பது கார்த்தி. நீ இருந்தவரை பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுப்போட்டு வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருப்பானா? ஒரு நாள் காலையில் மீட்டரைக் காட்டிக் கேட்டான்.

"அப்பா, நேத்து சாயங்காலம் மோட்டாரை நிறுத்தறப்ப எட்டு இருந்துச்சுங்க. இப்ப ஜீரோ. ராத்திரி பூரா காத்து எங்க போகுது?"

"அது தெனமும் அப்படித்தான் கண்ணு. காலையில ஜீரோவாத்தான் இருக்கும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கே திக்கென்றது. தினமும் அப்படித்தான் இருந்தது, ஏனென்றால் தினமும் நீ இறக்கிவிட்டாய். இப்போது இறக்கிவிட யார் இருக்கிறார்கள்? இத்தனை மாதமாக ஒவ்வொரு காலையும் பூஜ்யத்தைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. பழகிய கண்ணுக்கு அது பழுதாகவே தெரியவில்லை.

இந்த இறக்கிவிடும் விவகாரத்தில் நீயும் நானும் போட்ட சண்டை துடியலூருக்கே தெரியும். காற்றை அழுத்தி அடைக்கும்போது அதிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தண்ணீராகத் தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் தொட்டி துருப்பிடிக்கும், பெயிண்டில் அம்மை போட்டதுபோலப் புள்ளி விழும். அதெல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்டது ஒன்றே ஒன்று. "தண்ணி போனதும் மூடிப்போட வேண்டியதுதானே? ஏத்துன காத்தையெல்லாம் ஏன் எறக்கி உடறே? காலையில மறுக்கா ஏத்தறதுக்குக் கரண்டு என்ன உன்ற மாமியா ஊட்டுல இருந்தா வருது?" நீ சிரிப்பாய். "வயித்துல காத்தோட மிசினைப் படுக்க வெக்கக் கூடாது மாப்ள." அவ்வளவுதான் உன் பதில். எத்தனை வருஷம், அதே கேள்வி, அதே பதில். இப்போதும் சொல்கிறேன், கணக்குப்படி நான் சொன்னதுதான் சரி. நீ செத்துப்போனாய் என்பதற்காக அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பட்டறைத் தரை நனையக் கூடாதென்று நீ செய்துவைத்த ஏற்பாடும் அப்படியேதான் இருக்கிறது. பட்டறையும் உன் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை, வாசல்கள்தான் வேறு வேறு தெருவில். தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாயைப் பின்சுவரில் ஓட்டை போட்டு உன் வீட்டுப் பின்புறத்துப் பொடக்காலிக்கு இழுத்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு வைத்தாய். சாயங்காலம் நான் முன்னால் ஷட்டரை இழுப்பேன். நீ சந்து வழியாகச் சுற்றிப் பொடக்காலிக்குப் போய், வால்வைத் திறந்துவிட்டு, அது சீறிக்கொண்டிருக்கும்போதே கை கால் கழுவிக்கொண்டு, சீறல் நின்றதும் வால்வை மூடிவிட்டு வீட்டுக்குள் போவாய். அந்தச் சத்தம் என் மொபெட் கிளம்பும் சத்தத்தில் கலந்து பாதிதான் என் காதில் விழும்.

கார்த்திக்கு இந்தப் பழைய கம்ப்ரஸர் மேல் ஒரு பாசமும் இல்லை. இருக்க வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "காத்து நிக்காத டேங்கு உள்ளுக்குள்ள துருப்புடிச்சு ஓட்டையாகியிருக்கும், என்னைக்காவது வெடிக்குங்ப்பா. புதுசு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கறேன். அதுல தண்ணி தானா எறங்கிக்கும், சத்தமே வராது. திங்கக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து இதைத் தூக்கிக்கறேன்னு சொல்லிட்டாருங்க" என்றான்.

"திங்கக்கிழமைக்குள்ள ஒரே ஒரு ராத்திரி ஊசி அசையாம நின்னுச்சுன்னா?"

"நின்னுச்சுன்னா இருந்துட்டுப் போகட்டுங். நான் என்ன வீம்புக்கா சொல்றேன்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இரும்புக்காரர் அதைத் தூக்கிப்போட்டு உருட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. நீ இருந்தபோது அதை நான் எத்தனை தடவை எட்டி உதைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

இதை வாங்க நாம் கிணத்துக்கடவுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? மூடிப்போன தேங்காய் நார் மில்லின் மூலையில் கோழி எச்சத்தோடு கிடந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. நீ சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாய், காதை வைத்துக் கேட்டாய். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன் மாதிரி என்று நான் கிண்டல் செய்தேன். மோட்டாரைப் போட்டுக் காற்றை நிரப்பச் சொல்லி, ஊசி நின்ற இடத்தில் மீட்டர்க் கண்ணாடியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாய். "வா மாப்ள, சாப்பிட்டுட்டு வரலாம்" என்றாய். பொள்ளாச்சி ரோட்டுக் கடையில் பரோட்டா தின்றோம், யாருடைய தோப்பிலோ துண்டை விரித்துத் தூங்கினோம். பொழுது சாயத் திரும்பி வந்து பார்த்தபோது ஊசி அதே கோட்டில் நின்றது. "பார்த்தியா, நாணயமான மிசினு" என்றாய். மினி லாரியில் முன்னால் உட்கார இடம் இருந்தும் பின்னாலேயே அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாய். உக்கடம் வரும்வரை நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன், நீ காதில் வாங்கவே இல்லை.

அந்த நாணயமான மிசினுக்குத்தான் இப்போது இந்தக் கேடு. கணபதியிலிருந்து மெக்கானிக் பொன்னுச்சாமியைக் கூட்டிவந்தேன். சோப்புத் தண்ணீர் வேண்டுமென்றார். பின்பக்கம் போய் உன் வீட்டுக்காரி மேரியிடம் கேட்டேன். "லீக்கு பார்க்கோணும் தங்கச்சி, சோப்புத் தண்ணி சித்தே கலக்கிக் குடு." நுரை பொங்கக் கலக்கி ஒரு போசியில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பொன்னுச்சாமி ஒரு மூட்டு விடாமல் தடவினார். காற்று கசிகிற இடத்தில் நுரை குமிழ் விட வேண்டும். ஒரு குமிழும் வரவில்லை. பொடக்காலியில் இருக்கும் வால்வின் வாயிலும் தடவினார், அங்கேயும் நுரை சாதுவாக உட்கார்ந்திருந்தது. காற்று தொட்டியிலிருந்து திரும்பி ஓடாமல் தடுக்கிற செக் வால்வைக் கழற்றி ரப்பரை மாற்றினார். ஸ்விட்ச்சை மாற்றினார். சேஃப்டி வால்வை மாற்றினார். மீட்டரே பொய் சொல்கிறதோ என்று வேறு மீட்டர் போட்டார். மறுநாள் காலையில் புது மீட்டரும் பூஜ்யம்தான் காட்டியது.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் என்னைச் சுத்தமாகக் குழப்பிவிட்டது. தொட்டியில் காற்றை ஏற்றி, அடியில் தேங்கிய தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்று பொடக்காலி வால்வைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது.

"தண்ணியே இல்லீங்களே. தெனமும் எறக்கறீங்ளா?"

"அவன் போனதுல இருந்து யாரும் எறக்கறதே இல்லீங்க."

"அப்படி இருக்காதுங். இத்தனை மாசம் எறக்காம உட்டா ஒரு குடம் தண்ணியாவது நிக்கோணும்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாரா, எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தாரா தெரியவில்லை.

ஒரு நாள் வேலையையே நிறுத்திவிட்டு, காலையில் காற்றை நிரப்பி, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் தாண்டியும் ஊசி நின்ற இடத்திலேயே நின்றது. சூடு ஆறினால் ஒரு மயிரிழை இறங்கும் என்று பொன்னுச்சாமி சொன்னார், அந்த மயிரிழைதான் இறங்கியது. பகலெல்லாம் காவல் காக்கிற நாய் மாதிரி விறைப்பாக நின்ற ஊசி, ராத்திரி நான் போனதும் படுத்துக்கொள்கிறது. காலையில் பூஜ்யம். இது என்ன நோய்? ராத்திரியில் மட்டும் ஒழுகுகிற தொட்டியை உலகத்தில் யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

எனக்கு வேறு யோசனையெல்லாம் வர ஆரம்பித்தது. சிரிக்காதே. நீ பிடிவாதக்காரன். பிழைத்திருந்தபோதே நான் சொன்னதைக் கேட்காதவன், செத்த பிறகா கேட்கப்போகிறாய்?

அந்த வாரம் கல்லறைத் திருநாளும் வந்தது. மேரியோடு நானும் உன் கல்லறைக்கு வந்தேன். அவள் செவ்வந்திப் பூவை அடுக்கிவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த உன் மகள் "எங்கூட வந்துருங்கம்மா" என்று அன்றைக்கும் கூப்பிட்டுப் பார்த்தாள். "பட்டறை இருக்குதே கண்ணு" என்றாள் மேரி. பட்டறைக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர்கள் கொஞ்சம் தள்ளிப் போன சமயம் பார்த்து நான் உன் கல்லறைப் பக்கம் குனிந்தேன்.

"ஏப்பா, அது நீதானா? ஆமான்னா ஆமான்னு சொல்லிப்போடு. நான் பாட்டுக்கு வாஷர் மாத்தீட்டுக் கெடக்கறேன்."

பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த அம்மாள் தன் பேரனை இழுத்துப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். நான் ஏற்றிய மெழுகுவர்த்தி அணைந்துபோனது. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. காற்றும் அன்றைக்குப் பலமாகத்தான் அடித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் மூக்குக் கண்ணாடியைப் பட்டறையில் விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பி வந்து மொபெட்டை நிறுத்தி, பூட்டில் சாவியைப் போடுகிறேன், உள்ளே எங்கோ சீறல் கேட்டது. மாட்டிக்கிட்டது லீக்கு என்று நினைத்தேன். ஷட்டரில் காதை வைத்துக் கேட்டால் சத்தம் உள்ளேயிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வருகிறது. சந்து வழியாக ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் என்ன ஓட்டம், செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். உன் வீட்டுப் பக்கம் நெருங்க நெருங்க அது கசிகிற சத்தமில்லை என்று தெரிந்தது. திறந்துவிட்ட சத்தம். வருஷக்கணக்காகப் பாதிப் பாதியாகக் கேட்ட அதே சத்தம். பொடக்காலிப் படலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"ஏ மாப்ள! நீயா?"

"நாந்தானுங்ணா" என்றாள் மேரி.

ஒரு கையில் அரிசி களைந்த தண்ணீர்ப் பாத்திரம், இன்னொரு கை வால்வின் மேல். குழாய் வாயிலிருந்து காற்று துவைக்கும் கல்லின் மேல் சீறிக்கொண்டிருந்தது, துரு கலந்த கொஞ்சம் தண்ணீர் கல்லில் வழிந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். நீ கை கழுவியும் போகாத வாசனை. நான் உன்னைக் கூப்பிட்டது அவள் காதில் விழுந்துவிட்டதே என்று எனக்கு உடம்பு கூசியது.

"ஏந் தங்கச்சி, இத்தனை நாளா தொறந்து உடறது நீயா?"

"ஆமாங்ணா. தெனமும் எறக்கறதுதானுங்களே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"நாங்க வாரம் பூரா லீக்கு லீக்குன்னு லோல்பட்டுட்டு இருக்கறம். சோப்புத் தண்ணி நீதானே கலக்கிக் குடுத்தே!"

"லீக்குன்னு சொன்னீங்க, கலக்கிக் குடுத்தேன். நான் தொறக்கறது லீக்கில்லையேங்ணா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, இரண்டில் எது முதலில் என்று தெரியாமல் துவைக்கும் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வேட்டியெல்லாம் துருத் தண்ணீர்.

சீறல் அடங்கியதும் அவள் வால்வை மூடினாள். உன்னை மாதிரியே, ஒரு தடவை மூடிவிட்டு, இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரைக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்தமல்லங்ணா. ஊடு நெறையச் சனம் இருந்துச்சு, ஒண்ணும் தெரியலை. அப்பறம் எல்லாரும் போயிட்டாங்க. அன்னைக்குப் பொழுது உளுந்துச்சு, நானும் சோறு வெச்சேன். சத்தம் வரலீங்ணா. எனக்குக் கலியாணமாகி வந்ததுல இருந்து அந்தச் சத்தம் கேட்டாத்தான் சோத்தை எறக்குவேன். அவரு கை கால் கழுவீட்டு வரவும் வடிச்சு முடிக்கவும் சரியா இருக்கும். அன்னைக்கு எறக்கறதா வேண்டாமான்னே தெரியலை. அடுப்புக்கிட்டயே நின்னுட்டு இருந்தேன். சோறு குழைஞ்சு கஞ்சியாவே போச்சு. அப்பறம் நானே வந்து தொறந்து உட்டேன்."

பாத்திரத்துத் தண்ணீரைக் கல்லோரம் ஊற்றினாள்.

"அன்னைக்கு வெகுநேரம் போச்சுங்ணா. அவரு ஏத்தி வெச்ச காத்து."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்த அந்தக் காலையில், மோட்டார் ஓடி நின்று தொட்டி நிறைந்திருந்தது. கன்னைக்கூட நீ கையில் எடுக்கவில்லை. உன்னை ஆட்டோவில் ஏற்றும் அவசரத்தில் நான் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு ஷட்டரை இழுத்தேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம், உன்னைக் கோயிலில் வைத்துப் பூசை நடந்தபோதெல்லாம், மண் போட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதெல்லாம் பட்டறை பூட்டியே கிடந்தது. உன் கையால் ஏற்றிய கடைசிக் காற்றைச் சிந்தாமல் வைத்துக்கொண்டு அந்தத் தொட்டி அத்தனை நாளும் இருட்டில் நின்றிருக்கிறது. ஒரு ராத்திரி நிற்குமா என்று நான் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தேன்.

அழுதுவிட்டேன். மேரி அடுப்பைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

சரி, மிஷின் நன்றாக இருக்கிறது. ஆனால் கார்த்தியின் கண்ணுக்கு ஊசி நின்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு சாயங்காலம் மேரி அந்த வால்வைத் தொடக் கூடாது. தொட்டால் திங்கட்கிழமை இரும்புக்காரர் வருவார், அப்புறம் திறப்பதற்கு வால்வே இருக்காது. இதை எந்த வாயால் அவளிடம் கேட்பது? கார்த்தியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் போகிறது என்று நீ சொல்வாய். சொல்லலாம். ஆனால் அவள் குழைந்த சோற்றுக்கு முன்னால் நின்ற கதையைப் பட்டறையில் வைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஒரு ராத்திரியாவது ஊசி நிற்காவிட்டால் இரும்புக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பதை மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. நான் கேட்காமலே சொன்னாள்.

"ஒரு நாளைக்குத்தானுங்களே. நாளைக்கு நான் தொறக்கலீங்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்றை நிரப்பினோம். மீட்டர்க் கண்ணாடி மேல் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். "இது எதுக்குங்ப்பா, நான்தான் போனுல போட்டோ புடிச்சுட்டனே" என்றான் கார்த்தி. இருக்கட்டும் என்றேன். அவன் பைக்கில் போனபிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மொபெட் பக்கத்தில் நின்றேன். கிளப்பக் கை போகவில்லை. மேட்டுப்பாளையம் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எதிர்க்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும், இருந்தும் நின்றேன்.

உன் சாவுக்கு நான் சரியாக அழவில்லை என்று உன் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. பெட்டி சொல்ல, வண்டி பிடிக்க, வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்க்க என்று ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அழ எங்கே நேரம்? நீ போய்விட்டாய் என்பது அந்த வெள்ளிக்கிழமை, அந்தச் சத்தம் வராமல் போனபோதுதான் எனக்கு உறைத்தது. நீ போனபிறகும் தினமும் யாரோ ஒருத்தி உனக்காக அந்த வால்வைத் திறந்துகொண்டிருந்ததால், நான் மொபெட்டில் பாதி தூரம் போயிருந்தாலும், உலகம் என் முதுகுக்குப் பின்னால் பழையபடிதான் இருந்திருக்கிறது. அன்றைக்கு இல்லை. எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினோம். ஊசி சாக்பீஸ் கோட்டின் மேலேயே நின்றது. கார்த்தி போனில் இருந்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், மீட்டரைத் தட்டிப் பார்த்தான்.

"அட, நிக்குதுங்ப்பா! எப்படிங்க?"

"பொன்னுச்சாமி கழட்டி மாட்டினதுல எதோ சரியாயிருச்சு போல."

பொன்னுச்சாமி இப்போது கணபதி முழுக்க அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். கார்த்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். என் எதிரிலேயே இரும்புக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனை அந்த நேரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

நான் பின்பக்கம் போய் மேரியிடம் சொன்னேன். அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "நேத்து சோறு ஆக்கலீங்ணா. ரெண்டு பன்னைத் தின்னுட்டுப் படுத்துட்டேன்" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இன்னைக்கு உட்டுறலாமுங்களா?"

"உடு தாயி" என்றேன்.

சாயங்காலம் மோட்டாரை நிறுத்தும்போது கார்த்தி கேட்டான். "காத்துதான் நிக்குதே, அப்படியே உட்டுட்டுப் போலாமுங்களா?"

"இல்ல கண்ணு, தண்ணி எறக்கோணும். பொடக்காலியில உன்ற அத்தை எறக்கிக்குவாங்க."

"அப்ப தண்ணி போனதும் மூடிப்போடச் சொல்லுங்க. ஏத்துன காத்தெல்லாம் எதுக்கு வீணாப் போகோணும்?"

பார்த்தாயா? என் வாயிலிருந்து பிடுங்கியதுபோல அதே வார்த்தை. அவனுக்கு ஒத்தாசையாகப் பேசத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"வயித்துல காத்தோட மிசினைப் படுக்க வெக்கக் கூடாது கண்ணு."

"இது என்ன கணக்குங்ப்பா?"

"எனக்கும் தெரியாது" என்றேன். நிஜமாகவே தெரியாது. நீ எதற்காக முழுக் காற்றையும் விட்டாய்? மிஷினுக்காகவா? ஒரு நிமிஷத்தில் மூடிவிட்டால் மேரி காதில் விழாமல் போய்விடும் என்பதற்காகவா? அவளிடம் கேட்டேன். "அவரு எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லீங்ணா" என்றாள். உன்னிடம் கேட்கலாமென்றால், கேட்ட காலமெல்லாம் நீ சிரித்தாயே தவிர ஒழுங்காக ஒரு பதில் சொன்னாயா? இந்தக் குழப்பத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

இப்போதெல்லாம் காலையில் ஊசி பூஜ்யத்தில்தான் நிற்கிறது. கார்த்தி முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரைப் போடுகிறான். அவன் முணுமுணுப்பது நியாயம்தான், கணக்குப்படி அவனும் நானும்தான் சரி. சாயங்காலம் அவன் போனபிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறேன். மொபெட்டைக் கிளப்புவதில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்பக்கமிருந்து சீறல் கிளம்புகிறது. முழுசாக நின்று கேட்கிறேன். அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, வால்வை ஒரு தடவை மூடிவிட்டு மேரி இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிற நேரத்தையும் விட்டு, அவள் சோற்றை இறக்கியிருப்பாள் என்று தோன்றியபிறகு வீட்டுக்குப் போகிறேன்.